துடிப்பு எண்ணும் கடிகாரமும் மார்புப் பட்டியும்: இதய நோயாளிகள் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

ஆஞ்சியோபிளாஸ்டி அல்லது பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து, சில மாதங்கள் கழித்து மறுபரிசோதனைக்கு வருவோரில் பலர் இன்று கையில் ஒரு ‘ஸ்மார்ட் வாட்ச்’ அணிந்து வருகின்றனர். மகனோ மகளோ வாங்கித் தந்த கடிகாரம் அது. நடைப்பயிற்சியில் தொடங்கி மெதுவோட்டம், மிதிவண்டி, பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் என முன்னேற விரும்பும் அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு. ‘இது காட்டும் எண்ணை நம்பலாமா? இதைவிட நல்லதாக ஒன்று வாங்க வேண்டுமா?’

உடல்நலம் மிக்க இளைஞர் ஒருவருக்கு இக்கேள்வி பொழுதுபோக்கைச் சார்ந்தது. கடிகாரம் பத்துத் துடிப்பு பிழையாகக் காட்டினாலும் அவருக்குப் பெரிய கேடு நேராது. இதய நோயாளிக்கோ அந்தப் பத்துத் துடிப்பு, பாதுகாப்பான பயிற்சிக்கும் நெஞ்சுவலிக்கும் இடைப்பட்ட தொலைவாக இருக்கக்கூடும். ஆகவே கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறையை இவ்விதழில் சற்று விரிவாகக் காண்போம்.

துடிப்பை அளக்கும் இரு வழிகள்

இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் முதலில் ஒரு மின்னலை தோன்றுகிறது. அதனைத் தொடர்ந்து இரத்தம் தமனிகளில் பாய்கிறது. துடிப்பை எண்ணும் கருவிகள் இவ்விரண்டில் ஒன்றையே பற்றிக்கொள்கின்றன.

மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டி, மின்னலையைப் பற்றிக்கொள்வது. நெதர்லாந்து நாட்டின் ஐந்தோவன் ஈ.சி.ஜி. முறையை உருவாக்கியமைக்காக 1924-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். மார்புப் பட்டி அதே தத்துவத்தின் எளிய வடிவம். பட்டியின் உட்புறத்தில் உள்ள இரு மின்முனைகள் தோலைத் தொட்டு இதயத்தின் மின்னலையை உணர்கின்றன. எண்ணிக்கை, கம்பியில்லா முறையில் கடிகாரத்திற்கோ கைப்பேசிக்கோ செல்கிறது. இத்தகைய கம்பியில்லாக் கருவியை 1980-களின் தொடக்கத்தில் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது பின்லாந்தின் போலார் நிறுவனம். இன்று பல நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன.

மணிக்கட்டில் அணியும் கடிகாரம், இரத்த ஓட்டத்தைப் பற்றிக்கொள்வது. அதன் அடிப்புறத்தில் மினுங்கும் பச்சை விளக்கை நீங்கள் கண்டிருப்பீர்கள். இரத்தத்தின் ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்கு உறிஞ்சும். துடிப்பு ஒவ்வொன்றும் மணிக்கட்டை அடையும்போது அங்கு இரத்தம் சற்று மிகுகிறது. திரும்பி வரும் ஒளி சற்றுக் குறைகிறது. இந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கிட்டே கடிகாரம் துடிப்பைச் சொல்கிறது. முன்கையிலோ மேற்கையிலோ கட்டிக்கொள்ளும் ஒளிவழிப் பட்டிகளும் உண்டு. அவையும் இதே முறையில் இயங்குபவை.

ஓய்வாக அமர்ந்திருக்கும்போதும் சீராக நடக்கும்போதும் இவ்விரு வகைகளும் ஏறத்தாழ ஒத்த எண்ணையே தரும். வேகம் கூடும்போதுதான் வேறுபாடு வெளிப்படுகிறது.

மணிக்கட்டுக் கடிகாரம் எங்கே பிழைபடுகிறது?

முதலாவது, காலடியைத் துடிப்பென எண்ணிவிடுதல். ஓடும்போது காலடி ஒவ்வொன்றும் கையை உலுக்குகிறது. மணிக்கட்டின் இரத்தமும் அதனோடு அசைகிறது. ஓடுவோரின் காலடிகள் பெரும்பாலும் நிமிடத்திற்கு 160 முதல் 180 வரை இருக்கும். கடிகாரம் இந்தத் தாளத்தைப் பற்றிக்கொண்டால், உண்மைத் துடிப்பு 115 ஆக இருக்கையில் 168 எனக் காட்டும். நோயாளி அஞ்சி நின்றுவிடுவார். இதற்கு மாறாக, உண்மைத் துடிப்பு மிகுந்திருக்கும்போது குறைவாகக் காட்டினால், ஆபத்தை அறியாமல் தொடர்ந்து ஓடுவார். இரண்டாவது பிழையே கொடியது.

இரண்டாவது, காலதாமதம். திடீரென வேகம் கூட்டும்போதும் குறைக்கும்போதும், மணிக்கட்டுக் கடிகாரத்தின் எண் உண்மைத் துடிப்பைச் சற்றுப் பின்தங்கியே தொடரும். வேகமாகவும் மெதுவாகவும் மாறிமாறி ஓடும் பயிற்சியில் இது பெருங்குறை.

மூன்றாவது, பிடிமானம். மிதிவண்டியின் கைப்பிடியை இறுகப் பற்றும்போதும், எடை தூக்கும்போதும் மணிக்கட்டுத் தசைகள் இறுகி அளவீடு கெடும். தளர்வாகக் கட்டிய கடிகாரத்தின் அடியில் வெளியொளி புகுந்தாலும் அவ்வாறே. பச்சை குத்திய தோலின்மீது அணிந்தாலும் ஒளி தடைபடும்.

நான்காவது, சீரற்ற துடிப்பு. ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ எனப்படும் சீரற்ற துடிப்பு உள்ளவர்களுக்கு இதயத்தின் எல்லாச் சுருக்கங்களும் மணிக்கட்டுவரை எட்டுவதில்லை. இதயம் 130 முறை துடிக்கையில் மணிக்கட்டில் 105 மட்டுமே உணரப்படலாம். இடையிடையே மிகைத்துடிப்பு வருவோருக்கும் இது பொருந்தும். இவர்கள் கடிகாரத்தின் எண்ணைத் துல்லியமானதாகக் கொள்ளலாகாது.

மார்புப் பட்டிக்கும் குறைகள் உண்டு. மின்முனைகள் உலர்ந்திருந்தால் தொடக்கத்தில் தாறுமாறான எண்கள் வரும். அணியுமுன் நீரால் நனைத்துக்கொள்ள வேண்டும். வியர்வை உப்பு படிந்த பட்டி நாளடைவில் பழுதாகும். ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் அலசி உலர்த்த வேண்டும். பைபாஸ் செய்துகொண்டோர், நெஞ்செலும்பும் மேற்காயமும் நன்கு ஆறிவிட்டன என அறுவை மருத்துவர் கூறிய பின்னரே பட்டியை அணியலாம்.

கடிகாரம் அறியாத ஒன்று: உங்கள் உச்ச வரம்பு

துடிப்பைச் சரியாக எண்ணுவது பாதி வேலையே. அந்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது என்பதே மறுபாதி. பெரும்பாலான கடிகாரங்கள் நீங்கள் பதிவு செய்த வயதை 220-இலிருந்து கழித்து, அதனை உங்கள் உச்சத் துடிப்பு எனக் கொள்கின்றன. பின்னர் அதனை ஐந்து மண்டலங்களாகப் பிரித்து வண்ணம் தீட்டிக் காட்டுகின்றன. 1970-களின் தொடக்கத்திலிருந்து வழங்கிவரும் இந்தச் சூத்திரம் ஒரு தோராயமே. உடல்நலம் உள்ளவர்களிடையேகூட ஒருவருக்கு ஒருவர் 10 முதல் 12 துடிப்புவரை வேறுபடுவது இயல்பு. இதய மருந்து உட்கொள்வோருக்கு இச்சூத்திரம் சற்றும் பொருந்தாது.

மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், அட்டெனோலால், கார்வெடிலால் போன்ற பீட்டா பிளாக்கர் மருந்துகள் இதயத்துடிப்பைக் கட்டுப்படுத்துபவை. ஐவாபிரடின், டில்டியாசெம், வெராபமில் ஆகியனவும் துடிப்பைக் குறைக்கும். இவற்றை உட்கொள்வோர் எவ்வளவு முயன்றாலும் வயதுக்கணக்கில் வரும் உச்சத்தை எட்டமாட்டார்கள்.

ஓர் எடுத்துக்காட்டின் மூலம் இதனைத் தெளிவாக்கிக்கொள்வோம். வயது 56, ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்து ஆறு மாதங்கள் ஆகின்றன, பீட்டா பிளாக்கர் உட்கொள்கிறார். கடிகாரத்தின் கணக்கு: 220 − 56 = 164. அதில் 70 முதல் 80 விழுக்காடு, அதாவது 115 முதல் 131 வரை, ‘மிதமான பயிற்சி’ எனக் கடிகாரம் காட்டும்.

இவர் வழக்கமான மருந்துகளை உட்கொண்ட நிலையிலேயே டிரெட்மில் பரிசோதனை செய்துகொள்கிறார். ஓய்வுத் துடிப்பு 60, முழுமூச்சாக நடந்தபோது எட்டிய உச்சம் 128, ஈ.சி.ஜி.யில் மாற்றம் ஏதுமில்லை. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி 68. அதில் 40 முதல் 70 விழுக்காட்டைக் கணக்கிட்டு ஓய்வுத் துடிப்போடு கூட்டினால் 87 முதல் 108 வரை வருகிறது. இவரது பயிற்சி வரம்பு இதுவே. கடிகாரம் ‘மிதமானது’ என்று காட்டிய மண்டலத்தின் மேல்விளிம்பாகிய 131, இவரது முழு உச்சத்தையே தாண்டி நிற்பதைக் கவனியுங்கள்.

அதே வயது, அதே மருந்து கொண்ட வேறொருவருக்குப் பரிசோதனையில் துடிப்பு 118-ஐத் தொட்டபோது ஈ.சி.ஜி.யில் இரத்தக் குறைவின் அறிகுறி தென்பட்டது எனக் கொள்வோம். அத்தகையோர் அந்த எண்ணுக்குக் குறைந்தது 10 துடிப்பு கீழேயே பயிற்சி செய்ய வேண்டும். அதாவது 108-ஐத் தாண்டலாகாது. கடிகாரத்தின் பச்சை வண்ணத்தை நம்பி 125-இல் ஓடினால், இதயத்தசை இரத்தமின்றித் தவிக்கும் நிலையிலேயே அரைமணி நேரம் ஓடியவர் ஆவார். வலி தோன்றாமலேயே இந்நிலை நேரலாம், குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களுக்கு.

ஆகவே கருவி வாங்குமுன் உங்கள் வரம்பைக் கேட்டுப் பெறுங்கள். மருந்தின் அளவு மாறினால் வரம்பும் மாறும் என்பதை மறவாதீர்கள்.

பேஸ்மேக்கரும் ஐ.சி.டி.யும் உள்ளவர்களுக்கு

ஐ.சி.டி. கருவி, துடிப்பு ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தாண்டும்போது ஆபத்தான துடிப்பெனக் கருதி மின்னதிர்வு கொடுக்கக்கூடியது. பயிற்சியின்போது அந்த எண்ணுக்கு 10 முதல் 20 துடிப்பு கீழே இருத்தல் வேண்டும். கருவி 170-இல் இயங்குமாறு அமைக்கப்பட்டிருந்தால், 150-இல் எச்சரிக்கை ஒலி எழுப்புமாறு கடிகாரத்தை அமைத்துக்கொள்ளலாம். உங்கள் கருவியின் எண் எதுவென்பது உங்கள் சிகிச்சைக் குறிப்பில் இருக்கும். தெரியாவிடில் கருவியைப் பரிசோதிக்கும் பிரிவில் கேளுங்கள்.

கடிகாரத்திலும் அதன் மின்னூட்டியிலும் காந்தம் இருப்பதால், அவற்றைப் பேஸ்மேக்கர் அல்லது ஐ.சி.டி. பொருத்திய இடத்திலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளியே வைத்திருக்க வேண்டும். மின்னூட்டியைச் சட்டைப்பையில் வைப்பதும், கடிகாரம் அணிந்த கையை மார்பின்மீது வைத்து உறங்குவதும் கூடா. உடற்கொழுப்பை அளப்பதற்காகச் சிறு மின்னோட்டத்தைச் செலுத்தும் வசதி சில கடிகாரங்களில் உண்டு. இவ்வகைக் கருவி பொருத்தியவர்கள் அதனைப் பயன்படுத்தலாகாது. மார்புப் பட்டி வாங்கினால், மறுபரிசோதனைக்கு வரும்போது அணிந்து வந்து, ஈ.சி.ஜி. காட்டும் துடிப்போடு ஒப்பிட்ட பின்னரே அதனை நம்புங்கள்.

ஜி.பி.எஸ். எதற்குப் பயன்படும்?

ஜி.பி.எஸ். வசதி உங்கள் இதயத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. புவியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் குறிப்பலைகளைப் பெற்று, அவை வந்தடைந்த நேரத்தைக் கொண்டு நீங்கள் நிற்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. அதிலிருந்தே தொலைவும் வேகமும் பெறப்படுகின்றன. திறந்த வெளியில் சில மீட்டர் பிழையோடு இது நன்கு இயங்கும். உயர்ந்த கட்டடங்களுக்கிடையேயும் அடர்ந்த மரநிழலிலும் குறிப்பலைகள் தெறித்துப் பிழை மிகும். வீட்டின் மொட்டை மாடியிலோ சிறு பூங்காவிலோ சுற்றிச்சுற்றி நடப்போருக்கு இதன் தொலைவுக்கணக்கு அவ்வளவாகப் பயன்படாது.

வேகத்தை மட்டும் இலக்காகக் கொண்டு பயிற்சி செய்வதில் இதய நோயாளிகளுக்கு ஓர் ஆபத்து உண்டு. மார்கழிக் காலையில் ஒரு கிலோமீட்டரை ஒன்பது நிமிடத்தில் கடக்கையில் 100 துடிப்பு போதுமானதாக இருந்திருக்கும். கத்திரி வெயிலின் புழுக்கத்தில் அதே வேகத்திற்கு இதயம் மேலும் கடுமையாக உழைக்க வேண்டும்; உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதே காரணம். நெடுநேரம் ஓடும்போது வியர்வையால் நீர் குறைவதாலும் துடிப்பு சிறிது சிறிதாக ஏறும். எனவே வேகம் ஒன்றாகவே இருக்க, இதயத்தின் சுமை கூடிக்கொண்டே போகும். அத்தகைய நாட்களில் கடிகாரத்தின் முகப்பில் வேகத்தை மறைத்துத் துடிப்பை மட்டும் காணுமாறு வைத்துக்கொள்வது நல்லது. துடிப்பு வரம்பைத் தொட்டால் நடையைத் தளர்த்துங்கள்.

ஆயினும் குடும்பத்தினருக்கு ஜி.பி.எஸ். ஒரு நன்மை தருகிறது. நீங்கள் இருக்கும் இடத்தை வீட்டாருக்குத் தெரிவிக்கும் வசதியும், கீழே விழுந்தால் செய்தி அனுப்பும் வசதியும் சில கடிகாரங்களில் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை கைப்பேசி உடன் இருந்தால் மட்டுமே இயங்கும் என்பதை வாங்குமுன் உறுதி செய்துகொள்ளுங்கள்.

யாருக்கு எது?

* நடைப்பயிற்சி மட்டும் செய்பவர், சீரான துடிப்பு உள்ளவர்: துடிப்பு காட்டும் எளிய மணிக்கட்டுக் கடிகாரமே போதும். ஜி.பி.எஸ். தேவையில்லை.

* மெதுவோட்டம், மிதிவண்டி, வேகம் மாற்றும் பயிற்சி செய்பவர், டிரெட்மில் பரிசோதனையில் இரத்தக் குறைவு தென்பட்டவர், ஐ.சி.டி. பொருத்தியவர்: மார்புப் பட்டி தேவை. கடிகாரம் ஏற்கெனவே இருந்தால், அதனோடு இணையும் பட்டியை மட்டும் வாங்கினால் போதும். விலையுயர்ந்த புதுக்கடிகாரத்தைவிட இது மிகுந்த பயன் தரும்.

* மார்பில் பட்டி அணிய இயலாதவர்: முன்கையில் கட்டும் ஒளிவழிப் பட்டி. மணிக்கட்டைவிட அங்கு அசைவு குறைவு.

* நெடுந்தொலைவு ஓட்டத்திற்கு மருத்துவரின் ஒப்புதல் பெற்றவர்: மார்புப் பட்டியோடு இணையும் ஜி.பி.எஸ். கடிகாரம். ஜி.பி.எஸ். இயங்கும் நிலையில் மின்கலம் எத்தனை மணி நேரம் நீடிக்கும் என்று பாருங்கள்.

* ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்: எந்தக் கருவியையும் முதன்மையாகக் கொள்ளாமல், உடலின் உணர்வையே வழிகாட்டியாகக் கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் மூன்று வசதிகள் கட்டாயம் வேண்டும். உச்ச வரம்பை நீங்களே பதிவு செய்ய இயல வேண்டும். வரம்பைத் தாண்டினால் அதிர்வோ ஒலியோ எழ வேண்டும். கண்ணாடி அணியாமலே படிக்கத்தக்க பெரிய எண்கள் வேண்டும். இரத்த ஆக்சிஜன், மன அழுத்தம், உறக்க மதிப்பெண் ஆகியவற்றுக்காகக் கூடுதல் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்

கடிகாரத்தை மணிக்கட்டு எலும்புக்கு இரு விரற்கடை மேலே, நழுவாத அளவுக்கு இறுக்கமாகக் கட்டுங்கள். பத்து நிமிடம் நடந்து நில்லுங்கள். உடனே மற்றக் கையின் இரு விரல்களால் கட்டைவிரல் பக்கத்து நாடியைப் பிடித்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். நின்றவுடன் துடிப்பு விரைந்து இறங்கும். ஆகவே 30 விநாடி எண்ணுவதைவிட 15 விநாடியே இங்கு ஏற்றது. மூன்று நாட்கள் இவ்வாறு செய்து, வேறுபாடு ஐந்தாறு துடிப்புக்குள் இருந்தால் அக்கருவி உங்களுக்குப் பொருந்தும்.

கருவியோடு பேச்சுச் சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது முழு வாக்கியங்களைத் தடையின்றிப் பேச முடிந்தால் அளவு சரியானது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால், கடிகாரம் எந்த எண்ணைக் காட்டினாலும் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

கருவி சொல்லாதவை

சில கடிகாரங்கள் விரல் வைத்தால் ஈ.சி.ஜி. எடுக்கின்றன. மருத்துவமனையில் பன்னிரண்டு கோணங்களில் காணும் இதயத்தை அவை ஒரு கோணத்தில் மட்டுமே காண்பவை. சீரற்ற துடிப்பைச் சுட்டிக்காட்ட அவை உதவும். மாரடைப்பைக் கண்டறிய இயலாது. ‘இயல்பான துடிப்பு’ என்று கடிகாரம் காட்டும்போதே மாரடைப்பு நிகழ்ந்துகொண்டிருக்கலாம்.

நீரிழிவு உள்ளவர்கள் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். சர்க்கரை அளவு தாழும்போது வழக்கமாகப் படபடப்பு தோன்றும். பீட்டா பிளாக்கர் உட்கொள்வோருக்கு அது மறைந்துவிடலாம். கடிகாரத்திலும் துடிப்பு ஏறாது. திடீர் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் ஆகியவை தோன்றினால் உடனே நின்று சர்க்கரை உட்கொள்ளுங்கள்.

நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறல், கண் இருளல், மயக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் பயிற்சியை நிறுத்தி அமருங்கள். சில நிமிடங்களில் குறையாவிட்டால் 108-ஐ அழையுங்கள். மயங்கி விழுந்தால் காத்திராமல் உடனே அழைக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து முடிவெடுக்கும் நேரம் அதுவன்று.

குடும்பத்தினருக்கு

அன்பினால் வாங்கித் தரும் கருவி அச்சத்தை வளர்த்துவிடலாகாது. நாள் முழுவதும் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பதும், ஓர் எண் ஏறியவுடன் நோயாளியைப் படுக்க வைப்பதும் நன்மை பயவா. படி ஏறினாலும் உணவு உண்டாலும் உணர்ச்சி வயப்பட்டாலும் துடிப்பு ஏறுவது இயல்பே. பயிற்சி நேரத்தில் மட்டும் எண்ணைப் பாருங்கள். உச்ச வரம்பைக் கடிகாரத்தில் பதிவு செய்து தருவதும், பட்டியை அலசி உலர்த்த நினைவூட்டுவதும், முதல் சில வாரங்கள் உடன் நடப்பதும் நீங்கள் செய்யக்கூடிய பேருதவிகள்.

அடுத்த மறுபரிசோதனையில் கேட்க வேண்டியவை

1. மருந்து உட்கொண்ட நிலையில் நான் தாண்டக்கூடாத துடிப்பு எண் எது?

2. பயிற்சியின்போது எந்த எண்ணுக்கும் எந்த எண்ணுக்கும் இடையே இருக்க வேண்டும்?

3. எனக்கு டிரெட்மில் பரிசோதனை தேவையா?

4. என் உடலில் பொருத்திய கருவிக்கு இந்தக் கடிகாரம் ஏற்றதா?

5. மருந்தில் இன்று செய்த மாற்றத்தால் என் வரம்பு மாறுகிறதா?

இவற்றின் விடைகளை உங்கள் சிகிச்சைக் கையேட்டின் முதற்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்குச் செல்லும்போது அந்தப் பக்கத்தை உடன் எடுத்துச் செல்லுங்கள். அதில் உள்ள எண்களைப் பதிவு செய்துகொள்ள இயலாத கருவியை, அது எவ்வளவு அழகாக இருப்பினும், வாங்க வேண்டியதில்லை.